எந்த ஈயம்?

ஆகஸ்ட் 4, திங்கள்

மணல் சப்ளை செய்கிறவர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்த தேதியைத் தவிர இதில் இதுவரை எதுவும் எழுதியதில்லை. இன்று முதல் எழுதலாம் என்று இருக்கிறேன். படிக்கிற ஆள் டைரி எழுதுவது நல்ல பழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் படிக்கப் போகிறேன்.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போல்ட் முதல் உலையில் போடுகிற சிலிக்கான் வரை எதுவும் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இன்று காலை கேண்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். லேபில் உதவியாளர் வேலை ஒன்று காலி. உருக்குகிற இரும்பில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற இடம் அது. அங்கே ஏ.சி. உண்டு. எழுத்துப் பரீட்சை வைத்து எடுப்பார்களாம். ஒரு வினைக்கு எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கும், உலோகங்களின் வெப்பக் கணக்குமாகப் பத்துக் கேள்வி. ப்ளஸ் டூவில் வேதியியல் படித்தவர்கள், பணியாளர்களோ அவர்கள் குடும்பத்தாரோ, யாரும் எழுதலாம் என்று போட்டிருந்தது.

நான் ப்ளஸ் டூவில் வேதியியல் படித்தவன். பாஸ் மார்க்குக்கு மேலேயே மூன்று மார்க் வாங்கினேன்.

என் மனைவி கோகிலவாணி பி.எஸ்ஸி. வேதியியல். அவளிடம் கேட்டுப் படித்துக்கொள்ளலாம். குடும்பத்தார் என்று போட்டிருப்பது சூப்பர்வைசர்களின் மகன்களை மனதில் வைத்துத்தான். நோட்டீஸில் இருக்கிற எல்லா வரியையும் வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பரீட்சை விஷயத்தைச் சொன்னேன், வேண்டிய அளவுக்கு. தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, என்னென்ன பாடம் என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சீரியலுக்குக்கூட அவள் அடுப்பை அணைத்ததில்லை.

தோசை ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் பாடம். மோல் என்றால் டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை, என்ன கொஞ்சம் பெரிய டஜன். இது சுலபமாகப் புரிந்தது. அதற்கப்புறம் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று ஒன்று வந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

இட்லி மாவை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. வீட்டில் எட்டு டம்ளர் அரிசி இருக்கிறது, உளுந்து ஒரே டம்ளர்தான். என்ன செய்வீர்கள் என்றாள். உளுந்து வாங்கி வருவேன் என்றேன். கடை லீவு என்றாள். பக்கத்து வீட்டில் கேட்பேன் என்றேன். அவர்களும் ஊரில் இல்லை என்றாள். எல்லாரும் ஒரே நேரத்தில் எங்கே போனார்கள் என்று கேட்டேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"எது மொதல்ல தீருதோ அதுதானுங்க கணக்கு. மீதி அரிசி எவ்வளவு இருந்தா என்ன, சும்மாதான் கெடக்கும்."

புரிந்தது. ஸ்டோர்ஸில் இதை ஷார்ட்டேஜ் என்போம். இதற்கு இவ்வளவு நீளப் பெயர் தேவையில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இரும்புத் துருவோடு அலுமினியத்தைச் சேர்த்து எரித்தால் இரும்பு தனியாக வரும். துரு 160 கிராம், அலுமினியம் 81 கிராம், எவ்வளவு இரும்பு வரும்? இதுதான் கணக்கு. அரை மணி நேரம் போட்டேன். 168 கிராம் என்று வந்தது.

அவள் எங்கள் மகள் தர்சனாவுக்குத் தலை பின்னிக்கொண்டே பார்த்தாள். 160 கிராம் துருவுக்குள்ளிருந்து 168 கிராம் இரும்பு எப்படி வெளியே வரும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் அலுமினியத்தை வைத்துப் போட்டிருந்தேன். முதலில் தீருவது துரு. விடை 112 கிராம், அலுமினியத்தில் 27 கிராம் மிச்சம். இவ்வளவையும் வாயாலேயே சொன்னாள், பின்னலில் ஒரு மடிப்பைக்கூட விடவில்லை.

நாலாம் வகுப்புப் படிக்கிற தர்சனா, அம்மாவே பரீட்சை எழுதலாமே என்றாள். குழந்தைப் பேச்சு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றேன். இன்று சனிக்கிழமை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கேஸ் பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வெப்பப் பாடம் ஆரம்பம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. நாம் இரண்டையும் சூடு என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை. ஒரே எடை, ஒரே தீ என்றாலும் எல்லா உலோகமும் ஒரே மாதிரி சூடேறாது. ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அது அதன் தன்வெப்பம். எடையையும் தன்வெப்பத்தையும் ஏறிய டிகிரியையும் பெருக்கினால் விடை. இரண்டு கிலோ இரும்பை ஐந்நூறு டிகிரி ஏற்ற 450 கிலோ ஜூல். இதைச் சரியாகப் போட்டேன்.

சிலது சட்டென்று சூடாகிவிடும், சிலது பொறுமையாக இருக்கும் என்றாள். யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். உலோகத்தை என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பட்டறையில் கொடி ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு லட்டு. ஃபோர்மேன் மகன் பிரதீப்பும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறானாம். பி.இ. படித்தவன், லேப் வேலைக்கு எதற்கு வருகிறான் என்று தெரியவில்லை. லட்டு இறங்கவில்லை.

எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று கோகிலவாணி கேட்டாள். சொன்னேன். பெண்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். இதுவரை இல்லை என்றேன். அது உண்மைதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோகிலவாணி தர்சனாவைக் கூட்டிக்கொண்டு அன்னூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வருவதற்குள் ரசம் வைத்து வைக்கலாம் என்று நல்ல எண்ணத்தில் ஈயச் சொம்பை எடுத்தேன். கல்யாணச் சீரில் மாமியார் கொடுத்தது. ஈயச் சொம்பைக் காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது, முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் தீ என்று கோகிலவாணி பல தடவை சொல்லியிருக்கிறாள். அது எனக்கும் தெரியும். ஆனால் நேற்றுத்தான் பழைய பாடப்புத்தகத்தில் அட்டவணை படித்திருந்தேன். ஈயம், உருகுநிலை 327 டிகிரி. முந்நூற்று இருபத்தேழு என்பது சாமானியமா. புளி கரைக்கிற நேரத்துக்குள் அது எங்கே வரப்போகிறது? அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் புளி கரைத்தேன். படிக்காதவன் இப்படிச் செய்ய மாட்டான்.

திரும்பிப் பார்த்தபோது சொம்பு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. பிறகு அது சொம்பாக இல்லை. இத்தனை வருடம் உலையில் இரும்பு உருகுவதைப் பார்க்கிறவன்தான் நான். சொந்த அடுப்பில் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

வந்தாள். பார்த்தாள். அடுப்பைச் சுரண்டி, ஒட்டியிருந்ததையெல்லாம் எடுத்து, பெரிய கட்டியோடு ஒரு தட்டில் வைத்தாள். அவளைத் தேற்றுவதற்காகப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஈயம் ஒரு நச்சு உலோகம் என்று அங்கே போட்டிருக்கிறது. உடம்பில் சேர்ந்தால் மூளைக்குக் கெடுதல், குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். இத்தனை வருடமாக அதில் ரசம் குடித்திருக்கிறோம், போனது நல்லதுக்குத்தான் என்றேன்.

"என்ற அம்மா எனக்கு வெஷச் சொம்பயா சீர் குடுத்துச்சு?"

நான் சொல்லவில்லை, புத்தகம் சொல்கிறது என்றேன். புத்தகத்தில் இருப்பது காரீயம், வண்டி பேட்டரியில் போடுவது. ரசச் சொம்பு வெள்ளீயம், பித்தளைக்குப் பூசுவது. இரண்டையும் மொட்டையாக ஈயம் என்கிறார்கள் என்றாள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுமாம். அப்படியென்றால் இது வெள்ளீயம்தான் என்று உனக்கு எப்படித் தெரியும், காசுக்கு ஆசைப்பட்டுக் கடைக்காரர்கள் காரீயத்தைக் கலந்து விற்பதாகப் பேப்பரில் போடுகிறார்களே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் தர்சனாவைப் பார்த்தாள். கோகிலவாணிக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மாமியார் அவிநாசியில் இருக்கிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பாடம் இல்லை. உப்புமா.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாடம் இல்லை. நேற்றைய உப்புமா இல்லை, புதிது.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் பேசினாள். தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும் என்றாள். யாருக்குக் காய்ச்சல் என்று பதறினேன். ஈயத்துக்கு என்றாள். வீட்டில் இருக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டர் ஆகாதாம், நூறு டிகிரி வரைக்கும் காட்டுகிற கண்ணாடித் தெர்மாமீட்டர் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஸ்டோர்ஸில் தெர்மாமீட்டர் இருக்கிறது. முறைப்படி சீட்டுப் போட்டுத்தான் எடுத்தேன். கொடுத்தவர், நான். பெற்றவர், நான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, மாமியார் சொம்பு என்று எழுதி, அடித்துவிட்டு, பரிசோதனை என்று போட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலேயே என்னைக் கட்டியோடு மளிகைக் கடைக்கு அனுப்பி எடை போட்டு வரச் சொன்னாள். 400 கிராம். பழைய சாமான் என்று நினைத்துக் கடைக்காரர் விலை பேசினார்.

கேக் வாங்கின தெர்மாகோல் டப்பா ஒன்று வைத்திருந்தாள். அதில் 200 கிராம் தண்ணீர். மருந்து ஊற்றுகிற மூடியால் அளந்து ஊற்றினாள், தர்சனா எண்ணினாள். தண்ணீர் 28 டிகிரி. கட்டியை நூலில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டாள். தெர்மாமீட்டர் 98 காட்டியது. கொதிக்கிற தண்ணீர் நூறு காட்ட வேண்டும், கருவி பழுது, திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன்.

"கோயமுத்தூர் மேட்டுல இருக்குதுங்க. இங்க தண்ணி நூறுக்கு முன்னாலயே கொதிச்சுரும்."

கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போடுவதற்கு முன்னால், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு கணக்குப் போட்டாள். காரீயமாக இருந்தால் தண்ணீர் 32 டிகிரிக்கு வரும். வெள்ளீயமாக இருந்தால் 35 வரைக்கும் போகும். வெள்ளீயத்துக்குத் தன்வெப்பம் கூட, அதே எடைக்கு அதிக வெப்பத்தைச் சுமந்து வந்து தண்ணீரில் இறக்கும். மூன்று டிகிரிக்குள் எல்லாம் இருக்கிறது என்றாள். எல்லாம் என்று எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் தர்சனா வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தாள்.

கட்டியை எடுத்து, ஒரு உதறு உதறி, தெர்மாகோல் டப்பாவில் போட்டு மூடினாள். மூடியில் ஓட்டை போட்டு அதற்குள் தெர்மாமீட்டர். லேசாக ஆட்டினாள். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டில் சற்று நின்ற மாதிரி இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அந்த ரசத்தையெல்லாம் நினைத்துக்கொண்டேன், குழந்தைக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டினதையெல்லாம். பிறகு ஏறியது. முப்பத்துநாலரையில் நின்றது. தர்சனா படித்தாள், நான் படித்தேன், அவள் படித்தாள். மூன்று பேருக்கும் முப்பத்துநாலரைதான்.

தாளில் போட்டாள். தன்வெப்பம் 0.21. அட்டவணையில் வெள்ளீயத்துக்கு 0.23, காரீயத்துக்கு 0.13. கொஞ்சம் வெப்பம் வெளியில் போயிருக்கும், அதனால்தான் குறைகிறது என்றாள். அப்படியே நம்பிவிடவில்லை. மறுபடியும் கொதிக்கவைத்து மறுபடியும் போட்டாள். மறுபடியும் முப்பத்துநாலரை.

"வெள்ளீயம்" என்றாள். சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது, புடவையெல்லாம் ஈரம். கல்லூரியில் இதே சோதனையை இரும்புத் துண்டை வைத்துச் செய்ததாகவும், வகுப்பிலேயே அவளுக்குத்தான் விடை கிட்டத்தில் வந்ததாகவும், எம்.எஸ்ஸி. விண்ணப்பம் வாங்கி வைத்திருந்ததாகவும் சொன்னாள். அந்த மாதம்தான் நாங்கள் பெண் பார்க்கப் போனோம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சொம்புக்காக இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பாடம் மறுபடி ஆரம்பம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 29 என்று கேண்டீனில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். நான் முதல் நாளே கொடுத்துவிட்டேன். அதனால் அந்தத் தாள் எனக்குச் சம்பந்தமில்லாதது. இரண்டு தடவை போய்ப் படித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், கொழுக்கட்டையை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டீஸில் இன்னொரு வரி இருந்தது என்றேன். என்ன வரி என்று கேட்டாள். குடும்பத்தாரும் எழுதலாம் என்று போட்டிருக்கிறது என்றேன். கத்தி நின்றது. எப்போது ஒட்டினார்கள் என்று கேட்டாள். நாலாம் தேதி. கடைசி நாள் எப்போது? நாளைக்கு.

"இத்தன நாளா எதிர்ல உக்காந்து உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறனே. ஒரு நாளுகூடவா உங்களுக்குத் தோணல?"

"தோணுச்சு. அதனாலதான் சொல்லல."

இதைவிட நல்ல பதில் ஏதாவது இருக்கும். எனக்கு வந்தது இதுதான். நீ எழுதினால் எனக்குக் கிடைக்காது என்று தெரியும், பயமாக இருந்தது என்றும் சொன்னேன். கோபமாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். மீதி பீன்ஸை நறுக்கி முடித்தாள், பொரியல் வைத்தாள், எனக்கும் தர்சனாவுக்கும் பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை, ஆனால் சாப்பிடாமல் எழுந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும் என்று சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் நீலப் புடவையும் சான்றிதழ் ஃபைலுமாகப் பட்டறைக்கே வந்தாள். வாட்ச்மேன் ஸ்டோர்ஸ் பக்கம் கையைக் காட்டியதையும், அவள் தலையை ஆட்டிவிட்டு ஆபீஸ் பக்கம் போனதையும் ஜன்னலில் பார்த்தேன். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டாள். ஸ்டோர்ஸ் பக்கம் திரும்பவே இல்லை.

ஃபைலைத் துடைத்து வைத்திருந்தாள். எப்போது துடைத்தாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பாடம் நடக்கிறது. அவளும் படிக்கிறாள், எனக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். எதையும் மறைத்துச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. கவனித்துப் பார்த்தேன்.

பேச்சு பாடத்தோடு சரி. மோல், கிராம், ஜூல் தவிர வேறு வார்த்தை கிடையாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பரீட்சை. கேண்டீனில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். சாம்பார் வாசனை போகவில்லை. லேப் பொறுப்பாளர் வெள்ளிங்கிரி சார் கேள்வித்தாள் கொடுத்தார், முதல் பக்கத்தில் தன்வெப்ப அட்டவணையும் இருந்தது. கோகிலவாணி எனக்கு முன் வரிசை. பிரதீப் ஜன்னலோரம்.

ஏழாவது கேள்வி: 500 கிராம் ஈயத்தை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? அட்டவணையில் காரீயமும் இருந்தது, வெள்ளீயமும் இருந்தது. மொட்டையாக ஈயம் என்று ஒன்று இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் இந்தக் கேண்டீனில் என்னைவிடப் பாடுபட்டவன் கிடையாது. ஈயம் என்றால் வெள்ளீயம், எங்கள் வீட்டில் இரண்டு தடவை சோதித்தாகிவிட்டது. 11,500 ஜூல் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அப்போது முன்னால் கோகிலவாணி எழுந்து நின்றாள்.

"சார், ஏழாவதுல ஈயம்னு மட்டும் போட்டிருக்குதுங்க. எந்த ஈயமுங்க?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எந்த ஊர் ஈயமாக இருந்தால் என்னம்மா என்று பின்னாலிருந்து யாரோ சொன்னான். வெள்ளிங்கிரி சார் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கேள்வியில் இருப்பதை வைத்து எழுதுங்கள் என்றார். உட்கார்ந்து எழுதினாள். கொஞ்சம் அதிகமாகவே எழுதினாள்.

ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். பெண்டாட்டிக்காக விட்டுக்கொடுத்தான் என்று பின்னால் யாராவது சொல்லக்கூடும். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தெரிந்தது முழுவதையும் எழுதினேன், தெரியாததையும் கொஞ்சம் எழுதினேன்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்தவள், ஏழாவதுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். வெள்ளீயம் என்றேன். ஏன் என்றாள். நம்ம வீட்டு ஈயம் அதுதானே என்றேன். பெட்ரோல் பங்க் வரைக்கும் முதுகில் சாய்ந்து சிரித்தாள். பத்து நாளைக்கு அப்புறம் சிரிக்கிறாள். அந்த ஒரு மார்க் போனால் போகட்டும் என்று இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

வெள்ளிங்கிரி சாரே ஸ்டோர்ஸுக்கு வந்தார். அவர் இங்கே வருவதில்லை. உட்காருங்கள் என்று சொல்ல நாற்காலியைத் தேடினேன்.

எனக்கு ஆறு மார்க். பிரதீப்புக்கு ஒன்பதரை, கோகிலவாணிக்கும் ஒன்பதரை. ஏழாவது கேள்விக்கு அவர் நினைத்திருந்த விடை காரீயம், 6,500. பிரதீப் உட்பட எல்லாரும் அதைத்தான் போட்டிருந்தார்கள், என்னைத் தவிர. கோகிலவாணி இரண்டையும் போட்டிருந்தாள். காரீயம் என்றால் 6,500, வெள்ளீயம் என்றால் 11,500. எது என்று கேள்வியில் இல்லை, கேட்டேன், சொல்லவில்லை என்று எழுதியிருந்தாளாம். அதைப் படித்ததும் தனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது என்றார்.

"உலைக்குப் போற சாமான எதுன்னு கேக்காம போடற ஆள் எனக்கு எதுக்குங்க? கேக்கற ஆள்தான் வேணும். திங்கக்கெழம வரச் சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் சார் என்றேன். அவர் போன பிறகு போல்ட் பெட்டிகளை எடுத்து அளவு வாரியாக அடுக்கினேன். அவை ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன. அந்த ஏ.சி. ரூமில் நான் உட்கார்ந்திருப்பதாக ஒரு மாதமாகத் தினமும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று எழுதினால் பொய். அதே அளவுக்குப் பெருமையாகவும் இருக்கிறது. இரண்டில் எது முதலில் தீர்கிறது என்று பார்க்கலாம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாக என்றேன். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். ஆறு நல்ல மார்க்குங்க என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பை அணைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஒரே வண்டியில் போனோம். கேட்டில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம்.

காலையில் சட்னி என் பொறுப்பு. உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். மிகுதியான பொருள் சும்மா கிடக்கும் என்று படித்தது சட்னிக்குப் பொருந்தாது.

செப்டம்பர் 19, வெள்ளி

லேபில் வேலை பார்ப்பவர்களைப் பட்டறையில் எல்லாரும் மேடம், சார் என்றுதான் கூப்பிட வேண்டும். வாட்ச்மேன் அவளை மேடம் என்கிறார். ஃபோர்மேன் மேடம் என்கிறார். நான் இதுவரை எதுவும் கூப்பிடாமல் சமாளித்து வருகிறேன்.

மாமியாருக்குத் தகவல் சொன்னோம். வேலை விஷயத்தை முதலில் சொல்லி, சொம்பு விஷயத்தைப் பின்னால் சொன்னோம். என் யோசனை. வேலை விஷயம் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஸ்டோர்ஸில் எனக்கு உதவியாக ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். பெயர் ஆறுச்சாமி. நல்ல மாதிரி. எந்த மூட்டையில் எது இருக்கிறது என்று இன்னும் தெரியாது.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உலையில் இரும்பு உருகியதும் ஒரு துளி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்று லேபில் கணக்குப் போட்டு மைக்கில் சொல்வார்கள். பட்டறை முழுவதும் கேட்கும். அதைக் கேட்டு ஸ்டோர்ஸிலிருந்து சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை உலை காத்திருக்கும். மின்சாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஃபோர்மேன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பார்.

மத்தியானம் மைக்கில் கோகிலவாணியின் குரல் வந்தது. ஸ்டோர்ஸ், சிலிக்கான் இரண்டு கிலோ என்றாள். நான் பின்னால் லாரிக்காரரோடு நின்றிருந்தேன். ஆறுச்சாமி ஓடிப்போய் மாங்கனீஸ் மூட்டையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். நல்ல வேளையாக உலைக்காரர் பார்த்துத் திருப்பி அனுப்பினார். மறுபடி மைக், ஸ்டோர்ஸ் என்றாள். மறுபடி ஆறுச்சாமிதான் ஓடினார், எந்த மூட்டை என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார். உலை காத்திருந்தது. ஸ்டோர்ஸ் என்றால் இப்போது இரண்டு பேர்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். காலம் மாறிவிட்டது என்கிறார்கள், எங்கள் வீட்டில் மாறவில்லை. வீட்டில் நான் ஏனுங்க. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட, தர்சனாவைத் தள்ளிவிட்டு நீ சொல்லு கண்ணு என்றவள். நானும் அவளை இந்தா, இங்க பாரு என்பதோடு சரி. பட்டறையிலும் எல்லாருக்கும் நான் ஸ்டோர்ஸ்தான். என் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, வாயில் இல்லை.

மைக் மூன்றாவது தடவை கொர்ரென்றது. சத்தம் வரவில்லை. ஆஃப் செய்துவிட்டாளோ என்று நினைத்தேன். செய்யவில்லை, மூச்சு கேட்டது.

"ஸ்டோர்ஸ் நாச்சிமுத்து. நாச்சிமுத்து வரோணும். சிலிக்கான் ரெண்டு கிலோ, நாச்சிமுத்துவே எடுத்துக் குடுக்கோணும்."

மூன்று தடவை சொன்னாள். மோல்டிங் பகுதியில் தலைகள் திரும்பின. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். லாரிக்காரர், யாரண்ணா அது நாச்சிமுத்து என்று கேட்டார். நான்தான் என்றேன். ஓடிப்போய்ச் சரியான மூட்டையைப் பிரித்து, எடை போட்டு, உலையில் சேர்த்துவிட்டு லேபுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. போட்டாச்சுங்க மேடம் என்றேன். சரி என்றாள், தலையை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் வண்டியில் ஏறும்போது ஏனுங்க, பால் வாங்கோணும் என்றாள். வாங்கினோம்.

பாட்டன் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்து எனக்கு இந்தப் பெயர் பிடிக்காது. மைக்கில் கேட்க நன்றாகத்தான் இருந்தது.